ஊசி ஏறவே இல்லை

டிரைவர் பொய் சொல்கிறான் என்று ஊரே முடிவு கட்டிவிட்டது. போலீஸ் சொன்னது, பத்திரிகைக்காரர்கள் சொன்னார்கள், டீக்கடை பெஞ்சும் சொன்னது. கொழுந்தனுக்கும் உள்ளூர அதே எண்ணம்தான். ஆனால் அண்ணியிடம் வேலை பார்க்கிறவனுக்குச் சொந்த எண்ணங்களுக்கெல்லாம் சம்பளம் கிடையாது. அதனால் வாயை மூடிக்கொண்டு காரை ஓட்டினான். வாயை மூடிக்கொண்டு என்பது ஒரு பேச்சுக்குச் சொல்வது.

"அண்ணி, இன்ஜின் கொதிச்சு நின்னுடுச்சாம். ஆனா டெம்பரேச்சர் ஊசி மட்டும் கடைசி வரைக்கும் கீழேயே கிடந்துச்சாம். காய்ச்சல்ல ஆளே போயிட்டான், தெர்மாமீட்டர்ல நார்மல்னு சொல்ற கதையா இல்ல இருக்கு?"

"ஆள் போயிட்டாரா இல்லையான்னு இன்னும் தெரியாது தம்பி. வேற உதாரணம் தேடு" என்றாள் அண்ணி.

பின் சீட்டில், புருஷனைக் காப்பாற்றச் சொல்லி அண்ணியைத் தேடி வந்த டிரைவரின் மனைவி உட்கார்ந்திருந்தாள். கொழுந்தன் கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான்.

விவகாரம் இதுதான். கல் குவாரியில் மூன்று தொழிலாளிகள் பாறைக்கு அடியில் போனார்கள். கீழே ஆள் இருப்பது தெரிந்தே முதலாளி வெடி வைக்கச் சொன்னார் என்பதைக் கண்ணால் பார்த்தவர் ஒரே ஒருவர், குவாரியின் வாட்ச்மேன். இன்று மாலை நாலு மணிக்கு மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் கோர்ட்டில் அவர் சாட்சி சொல்லவேண்டும். காலை ஏழு மணிக்கு டாக்சியில் ஏறினார். மலையில் மூன்றாவது வளைவில் டாக்சி சூடாகி நின்றது. டிரைவர் கேனை எடுத்துக்கொண்டு குழாயைத் தேடிப் போனான். கால் மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தபோது வண்டி இருந்தது, வாட்ச்மேன் இல்லை.

வேண்டுமென்றே வண்டியை நிறுத்தி ஆளைக் கைமாற்றிவிட்டான் என்பது போலீசின் கட்சி. டிரைவர் லாக்கப்பில் இருந்தான். இப்போது மணி ஒன்று பத்து. நாலு மணிக்குள் வாட்ச்மேன் கிடைக்காவிட்டால் வழக்கு புஸ்வாணம், டிரைவரின் வாழ்க்கையும் அதோடு சேர்த்தி.

அண்ணி பதினெட்டு வருஷம் வாகன ஆய்வாளராக இருந்தவள். பிரேக் பிடிக்காத பஸ்ஸுக்குத் தகுதிச் சான்று கொடுக்கச் சொன்னபோது, பேனாவை மேலதிகாரியின் மேஜையிலேயே வைத்துவிட்டு வெளியே வந்து, வண்டி விவகாரங்களைத் துப்பறிவதைத் தொழிலாக்கிக்கொண்டவள். மனிதர்கள் பொய் சொல்வார்கள், இன்ஜினுக்கு அந்தச் சாமர்த்தியம் போதாது என்பாள். அவள் கணவனின் தம்பியான நம் கொழுந்தன் ஆறு வேலைகளில் சேர்ந்து ஆறிலிருந்தும் வாயால் கெட்டு வெளியேறியவன். ஏழாவது வேலை அண்ணியிடம்.

"வளைவுல ஒரு மணி நேரம் தரையைத் தேடினோமே, என்ன பார்த்தே?" என்று கேட்டாள் அண்ணி.

"ஒண்ணும் பார்க்கலை. முட்டி தேஞ்சதுதான் மிச்சம்."

"அதேதான் விஷயம். தண்ணி கொதிச்சு வெளியே கொட்டின வண்டி நின்ன இடத்துல ஒரு கறைகூட இல்லை. ஆவி வந்துச்சான்னு டிரைவரைக் கேட்டேன். இல்லை, கருகின வாசனை மட்டும்தான் வந்துச்சுங்கிறான். பொய் சொல்றவனா இருந்தா ஆவி குபுகுபுன்னு வந்துச்சுன்னு சொல்லியிருப்பான்."

பின் சீட்டிலிருந்து டிரைவரின் மனைவி முனகினாள். "அவருக்குப் பொய் சொல்லவே வராதுக்கா. திருட்டுத்தனம் பண்ணினாக்கூட மாட்டிக்குவார். போன வாரம் அரைச்சு வச்ச மிளகுத்தூள் டப்பா முழுக்க காலி. கேட்டா முழிக்கிறார். நான் என்ன ஏதுன்னு விட்டுட்டேன்."

அண்ணி சட்டென்று திரும்பினாள். "டப்பா முழுக்கவா?"

"அண்ணி, சமையல் குறிப்பெல்லாம் பொறுமையா எழுதிக்கலாம். மணி ஆகுது" என்றான் கொழுந்தன்.

 அண்ணியின் உதட்டோரத்தில் ஒரு சுழிப்பு வந்துபோனது. அது வந்தால் யாருக்கோ கெட்ட நேரம் என்று கொழுந்தனுக்குத் தெரியும்.

டாக்சியை இழுத்து வந்து நிறுத்தியிருந்த ஷெட் மலையடிவாரத்தில் இருந்தது. போய்ச் சேரும்போது மணி இரண்டைத் தாண்டியிருந்தது. தகரக் கூரை, எண்ணெய் ஊறிக் கறுத்துப்போன தரை, சுவர் முழுக்க ஸ்பேனர்கள். வாசலில் கொக்கி மாட்டிய இழுவை லாரி ஒன்று நின்றது. ஷெட்டின் சொந்தக்காரன் வேறு யாருமில்லை, டிரைவர் மனைவியின் கூடப்பிறந்த அண்ணன். அவளைப் பார்த்ததும் ஓடி வந்து ஸ்டூலைத் துடைத்துப் போட்டான்.

"உட்காரு பாப்பா. காலையில ஏதாவது சாப்பிட்டியா?" என்றவன் அண்ணியிடம் திரும்பினான். "மாப்பிள்ளைன்னு பார்க்காம சொல்றேன் மேடம். ரேடியேட்டர்ல சொட்டுத் தண்ணி இல்லை. கொஞ்சம் கொஞ்சமா ஒழுகிப் போயிருக்கு. எடுக்கிறதுக்கு முன்னாடி திறந்து பார்த்திருக்கணும். போலீஸ்லயும் அப்படித்தான் எழுதிக் கொடுத்தேன்."

"காலையில ரேடியேட்டரோட சேர்ந்த பாட்டில்ல கோடு வரைக்கும் தண்ணி இருந்துச்சுன்னு அவர் சொன்னாராமே" என்றாள் மனைவி.

"பாட்டில்ல இருந்தா ரேடியேட்டர்லயும் இருக்கும்னு நினைக்கிறது, பர்ஸ் தடிமனா இருக்குன்னு பெண் கொடுக்கிற மாதிரி. உள்ளே இருந்தது பூரா பழைய ரசீதா இருக்கும்" என்றான் கொழுந்தன்.



"எங்க வண்டியும் ஏத்தத்துல லேசா சூடாகுது. கொஞ்சம் பார்த்துச் சொல்றீங்களா?" என்று அண்ணி மெக்கானிக்கிடம் கேட்டாள்.

கொழுந்தன் வாயைத் திறந்தான். தங்கள் காருக்கு இதுவரை வராத ஒரே வியாதி அதுதான். அண்ணி அவன் காலை மிதித்தாள், வாய் மூடிக்கொண்டது. மெக்கானிக் சற்றுத் தயங்கிவிட்டு, ஒரு தட்டையும் ஸ்பேனரையும் எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனான்.

"பத்து நிமிஷம்தான் இருக்கு" என்று அண்ணி புடவைத் தலைப்பை இடுப்பில் செருகினாள். "தம்பி, அந்தக் கெட்டில்ல தண்ணி வச்சுக் கொதிக்க விடு."

"டீயா? இந்த நேரத்துலயா?"

"டீ இல்லை, சாட்சி விசாரணை."

டாக்சியின் இன்ஜின் இறுகிப் போயிருந்ததே தவிர பேட்டரிக்கு உயிர் இருந்தது. இன்ஜின் தலையில் திருகியிருந்த விரலளவு சென்சாரை அண்ணி கழற்றினாள். சூட்டை அறிந்து டாஷ்போர்டு ஊசிக்குச் சொல்வது அதுதான். அதன் உடம்பிலிருந்து ஒரு கம்பியை இழுத்து வண்டியின் இரும்பில் முடிந்தாள். கொழுந்தனை டிரைவர் சீட்டில் உட்கார வைத்துச் சாவியைத் திருகச் சொன்னாள். டிரைவரின் மனைவி கொதிக்கும் கெட்டிலைத் துணி சுற்றிப் பிடித்துக்கொண்டாள். 

அண்ணி சென்சாரைக் கொதிநீரில் முக்கினாள்.

"ஏறுது! பாதி தாண்டிடுச்சு, சிவப்பைத் தொட்டாச்சு!" என்று கத்தினான் கொழுந்தன்.

"மெதுவா பேசு. இப்போ?" அவள் அதைத் தூக்கித் தண்ணீருக்கு மேலே காற்றில் பிடித்தாள்.

ஊசி ஒரு நொடி யோசித்தது. பிறகு இறங்க ஆரம்பித்தது. பாதிக்கு வந்து, கால்வாசிக்கு வந்து, இன்னும் கீழே போனது. கெட்டிலில் ஆவி பறந்துகொண்டேதான் இருந்தது.

 டிரைவரைப் பொய்யன் என்று நினைத்ததற்காகக் கொழுந்தனுக்கு வெட்கமாக இருந்தது.

"தண்ணி வந்து தொட்டாத்தான் இதுக்குப் பேச்சு வரும்" என்றாள் அண்ணி. "உள்ளே தண்ணியே இல்லைன்னா இன்ஜின் எரிஞ்சாலும் ஊசி சும்மாதான் கிடக்கும். டிரைவர் சொன்னது அத்தனையும் நிஜம்."

"அக்கா..." டிரைவரின் மனைவி கெட்டிலைக் கீழே வைத்தாள். "தினமும் ரயில்வே கேட் வர்றதுக்குள்ள ஊசி பாதிக்கு வந்துடுமாம். இன்னைக்கு வரவே இல்லையாம். 'வண்டி குளுகுளுன்னு ஓடுது பெரியவரே'ன்னு அவர்கிட்ட சந்தோஷமா வேற சொன்னாராம்."

"அப்ப கேட்டுக்கு முன்னாடியே தண்ணி இல்லை. வீட்டை விட்டுக் கிளம்பினப்பவே இல்லை. வண்டி நின்ன வாசல்ல ஈரம் இருந்துச்சா?"

"இல்லையே. காலையில நான்தான் பெருக்கினேன். காஞ்சு கிடந்துச்சு."

"அஞ்சாறு லிட்டர் ஒழுகின வாசல் காஞ்சு கிடக்காது. யாரோ சிந்தாம சிதறாம ஏந்தி எடுத்திருக்காங்க" என்றாள் அண்ணி. "சும்மா கெடுக்க வந்தவன் தரையில திறந்து விட்டுட்டுப் போயிருப்பான். ஏந்தினவன் யாரு? கூலன்ட்டை, அதான் ரேடியேட்டர்ல ஊத்துற ரோஸ் தண்ணியை, வீணாக்க மனசு வராதவன். அது தொழில்காரனோட புத்தி."

அவள் ரேடியேட்டரின் வாய்க்குள் விரலை விட்டு உள்சுவரை வழித்தாள். மூக்கருகே கொண்டுபோனாள். அடுத்த நொடி ஷெட்டே அதிர ஒரு தும்மல் போட்டாள்.

"நூறு ஆயுசு" என்றான் கொழுந்தன்.

"எனக்கு வேண்டாம், வாட்ச்மேனுக்குக் கொடு." அவள் கண்கள் சுவரோர அலமாரியில் ஓடின. பழைய பெல்ட்டுகள், பல்புகள், கிரீஸ் டப்பாக்கள். கீழ்த் தட்டில் மூடி போட்ட வெள்ளைப் பிளாஸ்டிக் கேன் ஒன்று இருந்தது. அதில் முக்கால்வாசிக்கு ரோஸ் நிறத்தில் கூலன்ட். அவள் அதைத் தூக்கி மேஜைமேல் வைத்தபோது வாசலில் நிழல் விழுந்தது.

மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டே உள்ளே வந்தான். கேனைப் பார்த்ததும் துடைக்கும் கை நின்றது.

"இது எந்த வண்டியில எடுத்தது?" என்று அண்ணி சாதாரணமாகக் கேட்டாள்.

"அது... போன மாசம் ஒரு லாரியில எடுத்தது மேடம். நல்ல கூலன்ட், கொட்ட மனசு வரலை."

"மாப்பிள்ளை வண்டியில எடுத்தது இல்லையே?"

"அதுலதான் சொட்டு இல்லைன்னு சொன்னேனே."

"ஆமா, எழுதியே கொடுத்திருக்கீங்க." அண்ணி ஒரு வெள்ளைத் துணியைக் கிண்ணத்தின்மேல் விரித்து, கேனைக் குலுக்கி ஊற்றினாள். ரோஸ் தண்ணீர் வடிந்து போனது. துணியில் கறுப்பும் சாம்பலுமாகப் பொடிப்பொடியாக ஏதோ தங்கியது. "தம்பி, மோந்து பாரு."

கொழுந்தன் மோந்து பார்த்தான். மூன்று தும்மல் போட்டான். "அண்ணி, அந்த லாரிக்கு ஜலதோஷமா? கஷாயம் வச்சுக் குடிச்சிருக்கு!"

டிரைவரின் மனைவி ஸ்டூலை விட்டு எழுந்தாள். "இது என் மிளகுத்தூள்."

"ரேடியேட்டர்ல ஊசி முனை அளவுக்கு ஓட்டை விழுந்தா மிளகுத்தூளைப் போட்டு அடைக்கிறது பழைய டிரைவருங்க வைத்தியம்" என்றாள் அண்ணி. "உங்க மாப்பிள்ளை ரகசியமா பண்ணியிருக்கார். உங்ககிட்ட சொன்னா திட்டுவீங்கன்னு பயம். வீட்டிலயும் சொல்லலை. அதனால இந்தத் தண்ணியில மிளகு இருக்குன்னு உலகத்துல அவர் ஒருத்தருக்குத்தான் தெரியும். உங்களுக்குத் தெரிஞ்சிருந்தா கேனை இங்கே வச்சிருக்க மாட்டீங்க."

மெக்கானிக் கொழுந்தனைப் பார்த்தான், வாசலைப் பார்த்தான். தங்கையை மட்டும் பார்க்கவில்லை.

"நேத்து சாயங்காலம் வீட்டுக்கு வந்தியே அண்ணா" என்றாள் அவள். குரல் உயரவில்லை. "ஆயில் பார்க்கணும், ஒரு பேசின் கொடு பாப்பான்னு கேட்டே. துணி ஊறவைக்கிற பேசினை நான்தான் எடுத்துக் கொடுத்தேன். நீ வண்டிக்கு அடியில படுத்திருந்தப்ப நான் உனக்கு டீ போட்டுக்கிட்டு இருந்தேன்."

கொழுந்தன் போய் வாசலை மறித்து நின்றான். 

மெக்கானிக் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டான். "குவாரி லாரி எல்லாம் என்கிட்டதான் வருது. வண்டி மலையில நின்னா போதும்னாங்க. கிழவனை ஒரு நாள் உட்கார வச்சுப் பேசிட்டு விட்டுடுறோம்னாங்க. மாட்டேன்னா ஷெட்டையே கொளுத்திடுவோம்னாங்க. மாப்பிள்ளையைப் பிடிச்சு உள்ளே வைப்பாங்கன்னு சத்தியமா நினைக்கலை பாப்பா. காலையிலேர்ந்து சொல்லணும் சொல்லணும்னு..."

"வாட்ச்மேன் எங்கே?" என்று அண்ணி குறுக்கே வெட்டினாள்.

"காத்து அடிக்க வந்த லாரிக்காரன் பேசினது காதுல விழுந்துச்சு. குவாரிக்குள்ள பழைய மருந்து ரூம்ல பூட்டி வச்சிருக்காங்க. வெடிமருந்து வைக்கிற ரூம், இப்ப யாரும் அந்தப் பக்கம் போறதில்லை."

"ஏன் போறதில்லை?"

"மேலே பாறை தொங்குது. அதைத்தான் இன்னைக்கு..." அவன் வாய் திறந்தபடியே நின்றது. முகம் வெளிறிப்போனது. "முந்தாநாள் நான்தான் கம்பிரசரை ரிப்பேர் பண்ணிக் கொடுத்தேன். அந்தப் பாறை உச்சியில துளை போட. இன்னைக்கு மூணு மணிக்கு வெடி."

சுவர்க் கடிகாரத்தில் இரண்டு முப்பத்தைந்து.

அண்ணி காரை நோக்கிப் பாய்ந்தாள். கொழுந்தன் சாவியை எடுத்துவிட்டான்.

"அந்த வண்டியில ஏறாதீங்க!" மெக்கானிக் எழுந்து ஓடி வந்தான். "அதுல தண்ணி இல்லை. இப்பதான் எடுத்தேன். நாலு மணி வரைக்கும் உங்களையும் எங்கேயாவது நிறுத்தி வைக்கணும்னு... இழுவை வண்டியில ஏறுங்க மேடம், நான் ஓட்டுறேன்."

"இவனை நம்பியா?" என்றான் கொழுந்தன்.

"நம்ம வண்டியை நம்புறதுக்கு இது மேல்" என்று அண்ணி ஏறிவிட்டாள். டிரைவரின் மனைவியிடம், "இன்ஸ்பெக்டருக்குப் போன் போடு. பழைய மருந்து ரூம்னு சொல்லு" என்று கத்தினாள்.

இழுவை லாரி அப்படி ஓடி கொழுந்தன் பார்த்ததில்லை. ஒவ்வொரு பள்ளத்திலும் அவன் தலை கூரையை இடித்தது. அண்ணி கைக்கடிகாரத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. இரண்டு ஐம்பத்து மூன்றுக்குக் குவாரி கேட் தெரிந்தது. அதே நேரத்தில் சைரன் ஊதியது.

"முதல் சைரன். ஆளுங்களை விலகச் சொல்றது. ரெண்டாவது ஊதினா திரியில தீ வச்சிடுவாங்க" என்றான் மெக்கானிக்.

சிவப்புக் கொடிக்காரன் கையை ஆட்டிக்கொண்டு குறுக்கே வந்தான். மெக்கானிக் நிறுத்தவில்லை. கொடிக்காரன் ஒரு பக்கம் குதித்தான், கொடி ஒரு பக்கம் பறந்தது. லாரி பள்ளத்துக்குள் இறங்கியது. எதிரே செங்குத்தான பாறை, அதன் காலடியில் சின்னதாக ஒரு கல் அறை, இரும்புக் கதவில் புத்தம் புதுப் பூட்டு. மெக்கானிக் லாரியைக் கொண்டுபோய்ப் பாறைக்கு நேர் கீழே நிறுத்தினான். ஹாரனில் முழங்கையை ஊன்றி அமுக்கினான்.

"மேலே இருக்கிறவங்களுக்கு என் வண்டி தெரியும்" என்றான். "சாட்சியைக் கொல்லலாம்னு முதலாளி சொல்லியிருப்பான். இத்தனை பேர் பார்க்க நாலு பேரைக் கொல்லச் சொல்லி அவங்களுக்கு யாரும் சொல்லலை."

"ஒருவேளை சொல்லியிருந்தா?" என்று கேட்டான் கொழுந்தன். 

 மேலே உச்சியில் இரண்டு தலைகள் எட்டிப் பார்த்தன. ஹாரன் ஓயாமல் அலறியது. இரண்டாவது சைரனுக்காகக் கொழுந்தன் தோளைக் குறுக்கிக்கொண்டு காத்திருந்தான். அது ஊதவில்லை.

இழுவைக் கொக்கியைப் பூட்டில் மாட்டி லாரியை ஒரு அடி நகர்த்தியதும் கதவு பூட்டோடு பெயர்ந்து வந்தது. வாட்ச்மேன் கைகள் கட்டப்பட்டு மூலையில் உட்கார்ந்திருந்தார். வெளிச்சத்தில் கண்ணைச் சுருக்கி அண்ணியைப் பார்த்தார்.

"மணி என்னம்மா? கோர்ட்டுக்கு நேரமாச்சா?" என்றார்.

கேட்டருகே போலீஸ் ஜீப் வந்து நின்றது. வாட்ச்மேன் அதிலேயே மலையைத் தாண்டினார். நாலு அடிக்க ஆறு நிமிஷம் இருக்கும்போது கூண்டில் ஏறினார். அவர் பேச ஆரம்பித்த ஐந்தாவது நிமிஷம் குவாரி முதலாளியின் வக்கீல் தண்ணீர் கேட்டார் என்று பின்னால் தெரியவந்தது.

ஸ்டேஷனில் டிரைவரை வெளியே விட்டார்கள். அவன் இடத்தில் மெக்கானிக் உட்கார்ந்தான். யாரும் பிடித்துத் தள்ளவில்லை, அவனாகவே போய் உட்கார்ந்தான். இன்ஸ்பெக்டர் நீட்டிய காகிதத்தில், பேசின் கொடுத்ததிலிருந்து நடந்த எல்லாவற்றையும் எழுதி அவன் தங்கை கையெழுத்துப் போட்டாள். உறவுமுறை என்ற இடத்தில் பேனா கொஞ்ச நேரம் நின்றது. பிறகு 'உடன்பிறந்த அண்ணன்' என்று எழுதினாள்.

"பாப்பா" என்று கம்பிக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "ரெண்டு வார்த்தை திட்டிட்டாவது போ."

டிரைவர் அவள் தோளைத் தொட்டான். அவள் அவன் கையை விலக்கிவிட்டுக் கம்பியருகே போனாள். கொழுந்தன் அண்ணியைப் பார்த்தான். அண்ணி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அவள் திட்டவில்லை, அழவுமில்லை.

"ஷெட்டைப் பூட்டிட்டேன்" என்றாள். "சாவி என்கிட்ட இருக்கு. எத்தனை வருஷம் ஆனாலும் வீட்டுக்கு வந்து, என் புருஷன் கையால வாங்கிக்க."